தப்பான பக்கம் மடங்கிய அலை

ஜனவரி 9

அக்கா,

நான்கு தடவை போன் செய்தேன். நான்காவது தடவை மணியே அடிக்கவில்லை. என் எண்ணை அடைத்துவிட்டாய் என்று புரிந்தது. அடைத்துக்கொள். கடிதத்தை அப்படி அடைக்க முடியாது, தபால்காரர் கையில் கொடுத்துவிட்டுத்தான் போவார்.

இங்கே என் ஆய்வு அறை தரைக்குக் கீழே இருக்கிறது. ஜன்னல் கிடையாது. சுவரிலும் கூரையிலும் கரிநிறப் பஞ்சுக் கூம்புகள், ரேடியோ அலை எதிரொலிக்காமல் இருக்க. பேசினால் குரலும் வாயை விட்டுப் போகாமல் காலடியில் விழுந்துவிடுகிறது. ஏழு வாரமாக இதற்குள்தான் இருக்கிறேன்.

நம் முக்கோணத்தை இங்கே மூன்று தடவை செய்துவிட்டேன். அதே வரைபடம்தான். இங்குள்ள வெட்டு இயந்திரம் நம் பணிமனையின் அமிலத்தொட்டி மாதிரி இல்லை, ஒரு முடியளவு பிசகாது. ஆனாலும் மூன்றும் வேலை செய்யவில்லை.

உனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். தண்ணீர் டம்ளரில் கரண்டியைச் சாய்த்து வைத்தால் உடைந்த மாதிரி தெரியும். உடைந்தாலும் அது போகிற பக்கமே போகும். நம் முக்கோணத்தில் அப்படியில்லை. செப்பு வளையங்களையும் செப்புக் கம்பிகளையும் நெருக்கி நெருக்கி வைத்துச் செய்த அந்தப் பொருளுக்குள் அலை நுழைந்தால், வந்த பக்கமே மடங்கும். இயற்கையில் எந்தக் கண்ணாடியும் இதைச் செய்யாது. எதிர்மறை ஒளிவிலகல் என்று நான் கட்டுரை எழுதியது இதைத்தான். அந்தக் கட்டுரையைப் பார்த்துத்தான் என்னை இங்கே கூப்பிட்டார்கள்.

மார்ச் 20 அன்று என் வேலையை மதிப்பிடும் குழு வருகிறது. அவர்கள் கண்முன்னால் அலை அந்தப் பக்கம் மடங்கியாக வேண்டும். இல்லாவிட்டால் வேலை போகும். அதோடு விடமாட்டார்கள், கட்டுரையைத் திரும்பப் பெறச் சொல்வார்கள். பொய் அளவு கொடுத்தவள் என்று பெயர் வாங்கினால் எந்த ஆய்வகத்திலும் எனக்கு நாற்காலி கிடைக்காது.

அங்கே வேலை செய்த அந்த ஆறாவது முக்கோணம் உன் அலமாரியில் இருக்கும். பஞ்சு சுற்றிப் பெட்டியில் போட்டு அனுப்பு. வேறு ஒன்றும் நீ செய்ய வேண்டாம். அம்மாவுக்கு என் அன்பைச் சொல்.

சின்னி


ஜனவரி 24

சின்னி,

நீ சொன்னபடியே தபால்காரர் கையில்தான் கொடுத்தார்.

டம்ளரும் கரண்டியும் வைத்து எனக்கே பாடம் நடத்தியிருக்கிறாய். அந்த உதாரணம் நான் உனக்குச் சொன்னது. துறைத் தலைவர் முன்னால் நீ முதல்முதலாகப் பேசப் போன அன்று காலையில் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் சமையலறையில் நின்றாய். அடுப்பு மேடைமேல் டம்ளரை வைத்துக் காட்டி, "இதச் சொல்லு சின்னி, கேக்கறவங்களுக்குச் சட்டுனு பிடிபடும்" என்றேன். அங்கே போய்ச் சொன்னாய், கைதட்டினார்கள். இப்போது அது உன்னுடையது. சரி, வைத்துக்கொள்.

கட்டுரை வந்தபோது கடைசிப் பக்கத்தையும் படித்தேன். பதினோரு பேருக்கு நன்றி சொல்லியிருந்தாய். கருவியை இரவல் தந்தவர், எழுத்துப்பிழை பார்த்தவர், கூட்டத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டவர். எல்லோருக்கும் பிறகு "பணிமனை ஊழியர்களுக்கும்". நம் பணிமனையில் செப்பு ஒட்டிய போர்டு வெட்டுவது பத்தொன்பது வருஷமாக நான் ஒருத்திதான். மற்ற ஊழியர்கள் யார் என்று ஸ்டோர்காரரைக் கேட்டேன். மனுஷன், "பூனையையும் சேத்திருப்பாங்க" என்றார்.

அம்மாவிடம் உன் அன்பைச் சொன்னேன். வலது கை இன்னும் எழவில்லை. பேச்சு கொஞ்சம் திரும்பியிருக்கிறது, ஆனால் என்னைச் சின்னி என்றுதான் கூப்பிடுகிறாள். முதலில் திருத்தினேன். இப்போது அந்தப் பெயருக்கே திரும்பிப் பார்க்கிறேன்.

நீ கேட்ட முக்கோணம் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. சாவி என்னிடம் இருக்கிறது. அனுப்பமாட்டேன். மூன்று செய்தாயே, நான்காவதும் செய். உன் வரைபடத்தை வைத்துக்கொண்டு நூறு செய்தாலும் மடங்காது.

அக்கா


பிப்ரவரி 3

அக்கா,

"நூறு செய்தாலும் மடங்காது" என்றால் என்ன அர்த்தம்? உனக்கு எப்படித் தெரியும்?

உன் கடிதம் வந்த பிறகு இரண்டு நாள் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அங்கேயும் ஐந்து முக்கோணம் வரிசையாகத் தோற்றன. ஆறாவது மட்டும் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் வேலை செய்தது. வளைந்த தண்டவாளத்தின்மேல் அலை வாங்கியை நகர்த்திக்கொண்டே போனேன். எப்போதும் சமிக்ஞை வரும் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. சும்மா எதிர்ப்பக்கம் தள்ளினேன், அளவுக் கருவியின் முள் எழுந்து நின்றது. நான் அழுதேன். நீ கையைத் துணியில் துடைத்தபடி வாசலில் நின்றிருந்தாய். "சாப்பிட வா" என்றாய். ஆச்சரியமே படவில்லை. உனக்கு இதெல்லாம் விளங்காது என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

நீ அந்த ஆறாவதில் கை வைத்திருக்கிறாய். என்ன செய்தாய் என்று ஒரு வரி எழுது. போதும்.

இதை நீ எனக்குச் செய்யும் உதவியாக நினைத்துக்கொள்ளாதே, இது உன் கடமை. எனக்காகப் படிப்பை விட்டதாக இருபது வருஷமாகச் சாப்பாட்டோடு சேர்த்துப் பரிமாறிக்கொண்டிருக்கிறாய். நீ படிப்பை விட்டது எனக்காக இல்லை. கணக்குப் பரீட்சையில் இரண்டு தடவை தோற்றாய், அதனால். உன் மானம் போகக்கூடாது என்று அம்மா கட்டின கதை அது. சொல்லிச் சொல்லி நீயே நம்பிவிட்டாய். இப்போது அம்மாவைப் பார்த்துக்கொள்வதையும் அதோடு சேர்த்துக்கொண்டாய். உன்னைத் தேடி வேறு யார் வரப்போகிறார்கள், அவளைவிட்டால் நீ யாரைப் பார்த்துக்கொள்வாய்?

மூன்று வாரத்தில் பதில் வராவிட்டால் துறைத் தலைவருக்கு எழுதுவேன். ஆய்வகச் சொத்தை ஒரு பணியாளர் பூட்டி வைத்துக்கொள்ள முடியாது.

சின்னி


பிப்ரவரி 14

சின்னி,

கணக்கில் இரண்டு தடவை தோற்றது உண்மைதான். மூன்றாவது தடவை எழுத உட்கார்ந்திருந்தேன், அந்த மாதம்தான் அப்பா போனார். நீ அப்போது எட்டாம் வகுப்பு. கதையின் அந்தப் பாதியை அம்மா உனக்குச் சொல்லவில்லை போலிருக்கிறது. இருக்கட்டும்.

என்ன செய்தேன் என்று கேட்டாயே, சொல்கிறேன்.

நான்காவது தோற்றதும் உன் வளையம் ஒன்றைத் தனியாக வெட்டி எடுத்து, அளவுக் கருவியின் இரண்டு சின்னக் கம்பிக் கண்ணிகளுக்கு நடுவில் தொங்கவிட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு வளையத்துக்கும் அலையோடு சேர்ந்து அதிரும் ஒரு சுருதி உண்டு, அது உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும் என்பதுதான் உனக்குத் தெரியாது. உன் கம்பிகள் ஓர் எல்லைக்குக் கீழேதான் தங்கள் வேலையைச் செய்யும். உன் வளையமோ அந்த எல்லைக்கு மேலே பாடிக்கொண்டிருந்தது. இரண்டும் ஒரே இடத்தில் சேர்ந்தால்தான் அலை தலைகீழாக மடங்கும். சேரவே இல்லையென்றால் எப்படி மடங்கும்?

வளையத்தில் ஒரு சின்ன வெட்டு விட்டிருக்கிறாய் அல்லவா, அந்த இடைவெளியைக் குறுக்கினால் சுருதி இறங்கும். உன்னிடம் வந்து, "வெட்டக் கொஞ்சம் குறுக்கிப் பாக்கட்டுமா?" என்று கேட்டேன். பக்கத்தில் இரண்டு மாணவர்கள் நின்றார்கள். நீ திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாய்:

"வரைஞ்சத வெட்டுக்கா. யோசிக்கத்தான் நான் இருக்கேன்."

அவர்கள் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய்.

ஐந்தாவதையும் வரைந்தபடியே வெட்டிக் கொடுத்தேன், தோற்றது. நீ சாப்பாட்டைத் தொடாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமை பணிமனைக்குப் போய், வளையங்களைப் போர்டில் பதிக்கும் ஃபிலிமை விளக்கு மேசையில் விரித்து, பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு ஆயிரத்து முந்நூற்றிருபது வளையத்துக்கும் இடைவெளியைக் குறுக்கினேன். அதை வைத்துச் செய்ததுதான் ஆறாவது. நான் அன்று ஏன் ஆச்சரியப்படவில்லை என்று இப்போது விளங்கியிருக்கும்.

எவ்வளவு குறுக்கினேன் என்று சொல்லமாட்டேன். கட்டுரை வந்த பத்திரிகைக்கு நீ எழுது. வரைபடம் தவறு, அதைச் சரிசெய்தது இன்னார், அவர் பெயர் என் பெயருக்குப் பக்கத்தில் வரவேண்டும் என்று எழுது. அதன் நகல் என் கைக்கு வந்த மறுநாள் முக்கோணம் தபாலில் ஏறும். பெயர் ஒன்றுதான் கேட்கிறேன்.

அக்கா


மார்ச் 2

அக்கா,

உன் கடிதம் மிகவும் உதவியாக இருந்தது. அதை அப்படியே நகலெடுத்துத் துறைத் தலைவருக்கு அனுப்பினேன். ஆய்வுப் பொருளை அனுமதி இல்லாமல் மாற்றியதையும், அதை மறைத்ததையும், திருப்பித் தர நிபந்தனை போட்டதையும் ஒரு பணியாளர் தன் கையெழுத்திலேயே எழுதிக் கொடுத்ததைத் தான் இதுவரை பார்த்ததில்லை என்றார் அவர்.

பூட்டை உடைத்து எடுத்துவிட்டார்களாம். முக்கோணம் விமானத்தில் வந்துகொண்டிருக்கிறது.

உன்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருப்பதாகவும் சொன்னார். அது அவர் எடுத்த முடிவு. நான் கேட்கவில்லை, தடுக்கவும் இல்லை. அமிலப்புகையில் உன் இருமலும் மோசமாகிக்கொண்டிருந்தது. அம்மாவோடு இருக்க இனிமேல் நேரம் கிடைக்கும்.

சின்னி


ஏப்ரல் 6

அக்கா,

நீ பதில் எழுதவில்லை. எழுதுவாய் என்று நானும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அம்மா பக்கத்தில் நீதான் இருக்கிறாய், அதனால் இதை உன் வழியாகத்தான் சொல்ல முடியும்: உங்கள் சின்ன மகள் ஜெயித்துவிட்டாள் என்று சொல்.

குழுவில் ஐந்து பேர். நான்கு பேர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். எதிர்ப்பக்கம் முள் எழுந்ததும் அந்தக் கைகள் தாமாக அவிழ்ந்தன. அவர்களில் மூத்தவர் என்னைத் தள்ளிவிட்டு வாங்கியைத் தானே நகர்த்திப் பார்த்தார். மூன்று தடவை பார்த்தார். வேலையை உறுதி செய்துவிட்டார்கள். ஆறு பேர் என் கீழே வேலை பார்க்கப்போகிறார்கள்.

முக்கோணம் வந்த அன்றே நுண்ணோக்கியில் வைத்து அளந்தேன். வரைபடத்தில் நான் போட்டது 0.30 மில்லிமீட்டர். நீ செய்தது 0.18. சொல்லமாட்டேன் என்றாயே, அளக்க எனக்குப் பத்து நிமிஷம் ஆனது.

பத்திரிகைக்கும் திருத்தம் அனுப்பிவிட்டேன், அச்சில் வந்துவிட்டது. உனக்காக அந்த வாக்கியத்தை எழுதுகிறேன்: "வடிவமைப்பில் மாற்றம் இல்லை. தயாரிப்பின்போது ஒரு பணியாளர் செய்த பிழையால் வளைய இடைவெளி 0.18 மி.மீ. ஆக அமைந்தது. அளவீடுகள் அந்த இடைவெளிக்கு உரியவை."

ஊழியர்கள் என்று பன்மையில் போட்டதற்குக் கோபித்துக்கொண்டாய். இந்தத் தடவை ஒருமையில் போட்டிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் செய்கிறேன். நீ பேச வேண்டாம். போனை அம்மா காதில் வைத்தால் போதும்.

சின்னி


ஏப்ரல் 21

சின்னி,

ஞாயிற்றுக்கிழமை போனை அம்மா காதில் வைத்தேன். நீ பேசியதை எல்லாம் கேட்டாள். நீ வைத்த பிறகு என்னைப் பார்த்து, "யாருடி அவ, இவ்வளவு பேசறா?" என்றாள். உன்னிடம் சொல்லாமல் விட்டிருக்கலாம். சொல்லத் தோன்றியது.

பணிமனையிலிருந்து என் சாமான்களை ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு வாசலில் வைத்திருந்தார்கள். ரப்பர் உறை, பூதக்கண்ணாடி, தண்ணீர்ப் புட்டி, பழைய தாள்கட்டு ஒன்று. பத்தொன்பது வருஷத்துக்கு அந்தப் பெட்டியே பெரிசாகத்தான் இருந்தது. ஸ்டோர்காரர் தெருவரைக்கும் தூக்கிக்கொண்டு வந்தார். இறக்கி வைத்ததும் வேகமாகத் திரும்பிப் போனார், அவருக்கும் குடும்பம் இருக்கிறது.

அந்தத் தாள்கட்டில் உன் கணக்கு இருந்தது. வளையத்தின் அளவை நீ கணக்குப் போட்டு, வெட்டச் சொல்லி என்னிடம் தந்த தாள், உன் கையெழுத்தில். உட்கார்ந்து படித்தேன். இப்போது எனக்கு நேரம் இருக்கிறது, நீயே சொன்னாய்.

எவ்வளவு குறுக்கினேன் என்று தேடித் தேடி அளந்தாய். ஏன் குறுக்க வேண்டி வந்தது என்று ஒரு தடவைகூட நீ கேட்கவில்லை. அந்தத் தாளின் நான்காவது வரி. போர்டின் கனம் அரை மில்லிமீட்டர் என்று போட்டிருக்கிறாய். நாம் கேட்டிருந்த சரக்கு அதுதான். வந்து இறங்கியது கால் மில்லிமீட்டர். நீதான் கையெழுத்துப் போட்டு வாங்கினாய். கட்டுரையில் லேபிளைப் பார்த்துக் கால் என்று சரியாகவே எழுதினாய். கணக்கைத் திரும்பப் போட மட்டும் மறந்துவிட்டாய். போர்டு மெல்லிசானால் வளையத்தின் சுருதி ஏறும். ஏறித்தான் உன் கம்பிகளுக்கு எட்டாமல் போனது. அங்கேயும் கட்டுரையைப் பார்த்துக் கால் மில்லிமீட்டர் போர்டுதானே வரவழைத்தாய்? அதனால்தான் அந்த மூன்றும் தோற்றன.

கணக்கில் இரண்டு தடவை தோற்றவள் சொல்கிறாளே என்று விட்டுவிடாதே. போட்டுப் பார்.

முதல் கட்டுரையில் இருப்பது தவறு. தவறு யாருக்கும் வரும். வரைபடப்படி செய்த எட்டும் தோற்றதைக் கண்ணால் பார்த்துவிட்டு, "வடிவமைப்பில் மாற்றம் இல்லை, பணியாளர் பிழை" என்று கையெழுத்துப் போட்டாயே, அதற்குப் பெயர் வேறு.

நான் யாருக்கும் எழுதவில்லை. எழுதப்போவதும் இல்லை. உனக்குத் தெரிந்தால் போதும். ஆறு பேருக்கு முன்னால் தினமும் நிற்கும்போது தெரிந்திருந்தால் போதும்.

அக்கா


மே 3

அன்புள்ள அக்காவுக்கு,

கணக்கைப் போட்டுப் பார்த்தேன். நீ சொன்னது சரி.

இதை நான்கு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். எப்படி எழுதினாலும் உனக்குப் பொய்யாகத்தான் தெரியும், அதனால் நேராகக் கேட்கிறேன். இதை வேறு யாரிடமாவது சொன்னாயா? ஸ்டோர்காரருக்குத் தெரியுமா? அந்தத் தாளை யாராவது பார்த்தார்களா?

அதை எனக்கு அனுப்பிவிடு அக்கா. இல்லாவிட்டால் எரித்துவிடு. துறைத் தலைவருக்கு நாளைக்கே எழுதுகிறேன், நான் அவசரப்பட்டுவிட்டேன், அவரைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்று. அவர் என் பேச்சைக் கேட்பார். அடுத்த கட்டுரையில் உன் பெயரைப் போடுகிறேன். என் பெயருக்கு அடுத்ததாக, முழுப்பெயராக. நீ கேட்டது அதுதானே?

திருத்தத்தை மறுபடியும் திருத்த முடியாது. ஒரே கட்டுரைக்கு இரண்டு தடவை திருத்தம் போட்டவளை யாரும் நம்பமாட்டார்கள், முதலில் இந்த ஆறு பேரே நம்பமாட்டார்கள். அதில் ஒருத்தி நேற்று என்னிடம் வந்து போர்டைப் பற்றி ஏதோ கேட்டாள். அவள் வாயைத் திறந்ததும் எனக்கு வியர்த்துவிட்டது. கனத்தைப் பற்றி இல்லை, வேறு எதையோதான் கேட்டிருக்கிறாள். நான் அதைக்கூடக் காதில் வாங்கவில்லை.

அன்றைக்கு நீ வந்து கேட்டபோது நான் திரும்பிப் பார்த்திருக்க வேண்டும்.

பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது நீதான் எனக்குத் தலைவாரி விடுவாய். இழுத்துக் கட்டினால் வலிக்கும் என்று தளர்வாகக் கட்டுவாய், வழியெல்லாம் அவிழ்ந்துவிடும், நான் வந்து உன்னைத் திட்டுவேன். நீ என்னை அழிக்கமாட்டாய். எனக்குத் தெரியும்.

உன் சின்னி


மே 19

சின்னி,

நீ எழுதிய அந்தக் கடிதம் நேற்றுத்தான் வந்தது.

அதற்கு முந்தின வாரம் ஸ்டோர்காரர் வீட்டுக்கு வந்தார். பணிமனை முகவரிக்கு ஒரு கடிதம் வந்து கிடந்ததாம், அங்கே யாருக்கும் அது தன்னுடையது என்று தோன்றவில்லை. உறையின் மேலே, "இடைவெளியைக் குறுக்கிய பணியாளருக்கு" என்று எழுதியிருந்தது. அப்படி ஒரு ஆள் இங்கே இல்லை என்று துறைத் தலைவர் சொன்னாராம். எனக்குத் தெரிந்த ஆள்தான் என்று இவர் சட்டைப்பையில் போட்டுக் கொண்டுவந்துவிட்டார்.

எழுதியவள் எங்கேயோ படித்துக்கொண்டிருக்கும் பெண். உன் முதல் கட்டுரையைப் பார்த்து ஏழு முக்கோணம் செய்து ஏழும் தோற்றிருக்கிறாள். அவள் கை வேலைக்கு லாயக்கில்லை என்று அவளுடைய பேராசிரியர் வேறு ஆளைப் பார்க்கத் தொடங்கிவிட்டாராம். அதற்குள் உன் திருத்தம் வந்தது. 0.18 வைத்துச் செய்தாள், மடங்கிவிட்டது. எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். அவளுக்கு மட்டும் உறுத்தல். பிழையாக வந்த இடைவெளி ஆயிரத்து முந்நூற்றிருபது வளையத்திலும் ஒரே அளவாக எப்படி வரும், இது பிழை மாதிரி இல்லையே, யாரோ தெரிந்து செய்த மாதிரி இருக்கிறதே என்று கேட்டிருக்கிறாள். முதல் வரைபடத்துக்கு என்ன கனம் வைத்துக் கணக்குப் போட்டார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா என்று கடைசியில் ஒரு வரி.

பத்தொன்பது வருஷத்தில் என்னிடம் யாரும் கேள்வி கேட்டு எழுதியதில்லை. அளவு எழுதுவார்கள், தேதி எழுதுவார்கள், சீக்கிரம் வேண்டும் என்று எழுதுவார்கள். அந்தக் கடிதத்தை அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன். "நல்ல பொண்ணு" என்றாள். உன்னைத்தான் சொல்கிறாள் என்று நினைக்கிறேன்.

யாருக்கும் எழுதமாட்டேன் என்று உனக்குச் சொல்லியிருந்தேன். நானாக எழுதவும் இல்லை. அவள் கேட்டாள், நான் பதில் சொன்னேன். அரை மில்லிமீட்டர் என்று மட்டும் எழுதினேன். உன்னைப் பற்றி நல்லதோ கெட்டதோ ஒரு எழுத்து இல்லை.

உன் கடிதம் முன்னாலேயே வந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று நேற்று முழுக்க யோசித்துப் பார்த்தேன். தலைவாரின ஞாபகம் எனக்கும் இருக்கிறது. அப்படியும் அதையேதான் செய்திருப்பேன்.

உன் கணக்குத் தாளைக் கேட்டிருந்தாய். அது இப்போது என்னிடம் இல்லை. வெறும் எண்ணை எழுதினால் அவளை யாராவது நம்பமாட்டார்களோ என்று, அதையும் மடித்து அந்த உறைக்குள்ளேயே வைத்து அனுப்பிவிட்டேன்.

அக்கா